நடப்பவர்க்கும் வழி வேண்டும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை 1878 முதல் 1894 வரை நிர்வகித்த சேஷையா சாஸ்திரியார் தம் காலத்தில் சீர்திருத்திய தலைநகரின் ராஜவீதிகள், பழைய ஊர்களில் அபூர்வமாகவே காணக்கூடிய நேர்த்தியும் விசாலமும் உடையவை. ஆயினும் அந்த விசாலத்தை இன்று இயந்திர வாகனங்களே சுவாதீனப்படுத்திக்கொண்டிருக்க, பள்ளிக்குப் போகும் பெண்ணும் காய்கறி வாங்கித் திரும்பும் முதியவரும், ஓரத்தில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களுக்கும் பின்னால் ஹாரன் அடித்து வரும் பேருந்துக்கும் இடையே வழி தேட வேண்டியிருக்கிறது. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த இந்நகரம், அந்த அந்தஸ்துக்கு அடையாளமாக மேம்பாலத்தையோ சாலை விஸ்தரிப்பையோ நாடாமல், நடப்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்கும் முதலில் வழி செய்ய வேண்டும் என்பதே நம் திடமான அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் புதுக்கோட்டைக்குத் தனிக் கடமையே உண்டு. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் கிராமச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியருமாகப் பல்லாயிரம் பெண்கள், ஊராரின் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் ஏறி, கணவனோ தமையனோ கொண்டுபோய் விடும்வரை காத்திராமல் தாமே பிரயாணம் செய்யும் சுதந்திரத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பேத்திகளுக்கு இன்று அரசாங்கமே பள்ளியில் விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது. சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதை ஓட்ட வழி கொடாதது அரை தர்மம்.

2022இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு சாலை விபத்துகளில் இறந்தவர் 17,884 பேர். 'பார்த்துப் போயிருக்கலாமே' என்று மாண்டவரையே குறை கூறுவது நம்மிடையே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் மோதினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வதும், அதுவே 50 ஆகும்போது பிராணாபாயம் பன்மடங்கு பெருகுவதும், அடிபட்டவரின் ஜாக்கிரதையைப் பொறுத்தவை அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வேக வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்திருக்கையில், ராஜவீதிகளிலும் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு ஆகியவற்றைச் சூழ்ந்த தெருக்களிலும் 30 கிலோமீட்டர் என்று விதிக்கத் தாமதம் ஏன்? வெறும் பலகை நட்டால் ஒருவரும் மதிக்கப்போவதில்லை. நடப்பவர் கடக்கும் இடங்களை மேடாக்கியும் திருப்பங்களைக் குறுக்கியும் வேகத்தைச் சாலையே அடக்க வேண்டும்.

நடைபாதைக்குத் தடையற்ற அகலம் 1.8 மீட்டராவது வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியியல் அமைப்பு வகுத்திருக்க, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, நடுவே மின்மாற்றியையும் நட்டு, அதில் ஏற மாட்டாமல் தார்ச்சாலையில் இறங்கி நடக்கும் மூதாட்டியைப் பிறகு கண்டிப்பது என்ன நியாயம்? சரியான நடைபாதை ஜீவிக்கும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் கூறிவிட்டது. இந்த வீதி மாநகராட்சியுடையது, அந்த வீதி நெடுஞ்சாலைத் துறையுடையது என்ற பங்காளி வழக்குக்கு இனி இடமில்லை.

வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று வர்த்தகர்கள் அஞ்சுவதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஸ்பெயின் தேசத்தில் பொன்டெவேத்ரா என்ற, புதுக்கோட்டையைவிடச் சிறிய நகரம், 1999 முதல் தன் மையப் பகுதியை நடப்பவருக்கே ஒப்படைத்தும் கடைத்தெரு காலியாகிவிடவில்லை. நடைபாதையை மீட்கிறோம் என்று பூக்காரியின் கூடையை முதலில் அகற்றுவதும் கூடாது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவளுக்கு இடம் வகுத்துக் கொடுத்துவிட்டு, ஆக்கிரமிப்பு அகற்றுவதைக் கடைகளின் நீண்ட படிகளிலிருந்தும் விளம்பரப் பலகைகளிலிருந்தும் தொடங்கட்டும். மாநகராட்சி மன்றத்தார் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சாலைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை நடைபாதைக்கும் சைக்கிள் வழிக்கும் வைத்து, கீழ ராஜவீதியிலிருந்து வேலையை ஆரம்பிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.