களஞ்சியம் நிறைத்தவள் வயிறு



தஞ்சையை நெற்களஞ்சியம் என்கிறோம். அதை நிறைத்தவர் யார்? சேற்றில் இறங்கி, முதுகு வளைத்து, நாற்று நட்ட பெண்கள் அன்றோ! அவள் கருவுற்றால், வயிற்றில் வளரும் பிள்ளைக்கு நாடு ஒதுக்கியிருக்கும் பங்கு என்ன?

சோறு பசியைத் தீர்க்கும்; இரும்புச் சத்தைத் தந்துவிடாது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை என்று கூறிற்று. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேர். விளைவு? எடை குன்றிய குழந்தை. பேற்றின்போது தாயின் உயிருக்கே ஆபத்து. கரு உருவான நாள் தொட்டு இரண்டு வயது வரை ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். மூளையின் பெரும் வளர்ச்சி அதற்குள் நடந்துவிடுகிறது. அப்போது மறுக்கப்பட்டதைப் பின்னாளில் பள்ளிச் சத்துணவு முழுவதும் ஈடுசெய்ய இயலுமா?

விதி என்பர் சிலர். விதியன்று, வேலி! 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் ஆலைக்கும் சுரங்கத்திற்கும் தோட்டத்திற்கும் வந்தது. 2017இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. நீலகிரியில் தேயிலை பறிப்பவள் அதற்குள் வந்தாள். தஞ்சையில் நாற்று நடுபவள் வெளியே நின்றாள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்வேலியை அகற்றவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாடு அரசு 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவி, 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. போற்றத்தக்கதே. ஆனால் கணக்குப் போடுங்கள்! 26 வாரம் என்பது 182 நாள். வகுத்தால் நாளுக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. அந்தத் தொகையை நம்பி எவள் நடவை விட்டுக் கரையேறுவாள்?

சட்டத்தைக் கேட்கும் நாம், நம் அடுக்களையையும் கேட்கவேண்டாவா? எல்லோரும் உண்டபின் எஞ்சியதை அவள் உண்பது எந்த நீதி? "பிள்ளை பெருத்தால் பேறு கடினம்" என்று அரை வயிற்றோடு நிறுத்துவது எந்த மருத்துவம்? அரசு மருத்துவமனை தரும் இரும்புச் சத்து மாத்திரை 180 நாளைக்கு. அது பரணில் கிடந்தால் யாருக்குப் பயன்? தேநீரோடு விழுங்கினாலும் சத்து உடலில் முழுதாகச் சேராது. முருங்கைக்கீரையும் முட்டையும் முதலில் அவள் இலைக்கு வரட்டும்.

கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். கருவுற்ற உழவுத் தொழிலாளிக்கு ஓய்வும், ஓய்வுக்குக் கூலியும் உரிமை என்று முழங்குங்கள். கேட்பது பிச்சையன்று. ஊருக்குச் சோறு போட்டவள் தன் பிள்ளைக்குக் கேட்கும் பங்கு!