வாடகைக்கு ஒரு மைத்துனன்

கற்பிட்டிக் கடற்கரையில், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பலகையேறி நீர்மேற் சறுக்கும் வெள்ளைக்காரர்களை நம்பி எழுந்த விடுதிகளுள் ஒன்று, காற்று ஓய்ந்த மாதங்களில் தன் அறைகள் வெறுமையாய்க் கிடப்பதைச் சகியாது, கலியாணம் நடத்திவைக்கும் தொழிலையும் மேற்கொண்டிருக்கிறது. அதற்கென வழுவழுப்பான தாளில் அவர்கள் அச்சிட்ட ஜாபிதாவைச் சென்ற ஞாயிறன்று என் மருமகள் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவளுடைய ஏக புத்திரியின் விவாகம் வருகிற தை மாதம் அங்கேதான் நடக்கவிருக்கிறது.

பூகோளம் முழுவதும் அந்தத் தாளில் அடங்கியிருந்தது. யூதரைப் போல மாப்பிள்ளை கண்ணாடிக் கிண்ணத்தைக் காலால் மிதித்து உடைக்கலாம். சீனரைப் போல மணமக்கள் பெரியோர்முன் மண்டியிட்டுத் தேநீர் வழங்கலாம். ஜப்பானியரைப் போல மூன்று கிண்ணங்களிலிருந்து மும்மூன்று மிடறாக அரிசி மது அருந்தலாம். மெக்சிக்கோ நாட்டாரைப் போல இருவர் தோள்களையும் நீண்ட ஜெபமாலையொன்றால் பிணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. இவை எனக்குச் சிரிப்பை உண்டாக்கினவேயன்றிச் சினத்தை உண்டாக்கவில்லை. சினத்தை மூட்டியது, உள்நாட்டுச் சம்பிரதாயங்கள் என்ற தலைப்பின்கீழ்க் கடைசியாகக் கிடந்த ஒரு வரி: மணமகளின் தம்பி மாப்பிள்ளையின் கால் கழுவுவான், தம்பி இல்லாதோருக்கு விடுதியே ஒரு பையனை ஏற்பாடு செய்து தரும்.

பிறர் வழக்கத்தை மேற்கொள்வதை நான் ஆட்சேபிப்பவன் என்று, கலியாண வீட்டு ஒலிபெருக்கியைப் பற்றி முன்பு இந்தப் பத்தியில் நான் எழுதியபின் என்னைக் கலியாணங்களுக்கு அழைப்பதை நிறுத்திவிட்ட இரண்டு குடும்பத்தாரும் எண்ணக்கூடும். அப்படியன்று. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்டு, பத்தாலா என்று தாம் குறித்த நமது புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, அந்தத் தீவுகளிலே அவ்வூர் முறைப்படி பல விவாகங்களைச் செய்துகொண்டு, மஹர் சொற்பமாதலால் அங்கே மணம் புரிவது வெகு சுலபம் என்று எழுதியும் வைத்தவர். கடலோரத்து ஜனங்களுக்குக் கடன் வாங்குவது பிறவிக் குணம். பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர் 1704இல் பிறப்பித்த கட்டளையிலே, கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது, அதன் சரடு நூற்றெட்டு இழையாய் மஞ்சள் பூசியிருக்கலாகாது, கலியாணத்தில் தேங்காய் உடைக்கலாகாது என்றெல்லாம் தடுத்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் ரோமாபுரிவரை வழக்காடினார்கள். தாலியோ போகவில்லை. பிள்ளையார் இறங்கினார், சிலுவை ஏறிற்று. இன்றும் நமது கரையோரத்துத் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்களின் கழுத்தில் அது கிடக்கிறது.

இந்தக் கால் கழுவும் வழக்கம் எவரிடமிருந்து எவருக்குப் போயிற்று என்று அறியும் ஆசையால், வழக்கம்போல, சைமன் காசிச்செட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் பெயரின்றி இந்தப் பத்தி முடிந்ததில்லை என்று ஒரு வாசகர் குறைபட்டு எழுதியிருந்தார். அந்த வாசகர் பொறுத்தருள வேண்டும். 1807இல் இதே கற்பிட்டியில் பிறந்து, மணியகாரராய் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இருபத்தேழாவது வயதில், 1834இல், இலங்கைத் தீவின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் அடக்கி ஆங்கிலத்தில் ஒரு கெசற்றியரை அச்சேற்றிய மனிதர் அவர். புகைவண்டி இல்லை, தந்தி இல்லை. பின்னர் சட்டநிரூபண சபையில் அமர்ந்து, அதன்பின் சிலாபத்தில் நீதிபதியாயிருந்து, 1859இல் தமிழ்ப் புலவர்களின் சரித்திரங்களைத் 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் தந்து, அடுத்த ஆண்டே மறைந்தார். தமிழருடைய ஆசார வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிவைத்ததோ 1934இலேதான் புத்தகமாயிற்று. ஒரு கையெழுத்துப் பிரதி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சுக்குக் காத்திருந்ததை எண்ணும்போதெல்லாம், அடுத்த வாரம் வரவேண்டிய என் பத்தியை ஒரு நாள் தாமதித்தாலும் கோபிக்கும் பத்திராதிபரை நினைத்துக்கொள்வேன். கெசற்றியரில் கால் கழுவுதலைத் தேடப் போனவன், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் தாவித் தாவி, அன்று மாலை விளக்கேற்றும்வரை தேடியதை மறந்தே இருந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்துச் சைவர் வீட்டில், மணப்பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் பெறுவான். இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் அதே செம்பையும் அதே மோதிரத்தையும் சிறு வயதில் கண்டிருக்கிறேன். சிங்களவருடைய பழைய கலியாணங்களிலும் பெண்ணின் தம்பிக்கே அந்தக் கடமை. மோதிரத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவிடுவதும் உண்டு. மூவரும் தத்தமக்கே உரியது என்று சொல்லும் ஒரு வழக்கத்துக்கு மூலம் தேடுவது, சிலாபத்துக் களப்பில் இந்தத் தண்ணீர் ஆற்றினுடையதா கடலினுடையதா என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும். 'மச்சான்' என்ற நமது சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: சிங்கள இளைஞரின் வாயில் அது 'மச்சாங்' என்றாகி, உறவே இல்லாத சிநேகிதர் இருவர் ஒருவரையொருவர் விளிக்கும் பெயராய்விட்டது.

என் தமக்கையின் கலியாணத்தில் எனக்கு ஒன்பது வயது. சிலாபத்தில், தென்னோலைப் பந்தலின் வாயிலில், ஆச்சி மூன்று நாளாய் எனக்கு ஒத்திகை வைத்தாள். வலக்கால் முதலில், தண்ணீரை ஊற்றுவதன்றித் தெளிப்பதாகாது, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாகாது. அத்தான் முந்தலில் உபாத்தியாயர். நெடுந்தூரம் வெறுங்காலோடு நடந்து பழகிய பாதம், குதிகாலில் வெடிப்பு. நான் சந்தனச் சோப்பு வாங்கிவரச் சொல்லலாமா என்று ஆச்சியிடம் உரக்கக் கேட்டதும், பந்தல் முழுவதும் நகைத்ததும், அத்தான் குனிந்து, "மச்சான், இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ" என்று என்னைப் பெரிய மனிதனாக்கிப் பேசியதும் நேற்றுப்போல் இருக்கின்றன. அந்த ஒரு விளிக்காகவே பின்னர் அவர் வீட்டுக்கு ஆயிரம் முறை தேங்காய் சுமந்தேன்.

மோதிரம் என் பெருவிரலுக்கே பெரிது. அம்மா நூல் சுற்றி இறுக்கித் தந்தாள். அன்று இராத்திரி, "பத்திரமா வைச்சுத் தாறன்" என்று கழற்றி வாங்கிப் பெட்டகத்தில் வைத்தாள். பிறகு அதை நான் கண்டதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது, உபாத்தியாயருக்குச் சம்பளம் வராத மாதமாதலால் அந்த மோதிரத்தை அப்பாவே பத்தரிடம் செய்வித்து இரகசியமாய் மாப்பிள்ளையின் கையில் கொடுத்திருந்தார் என்பதும், அது உருகி, அக்காவின் முதற்குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் அணிந்த காப்பில் கலந்துவிட்டது என்பதும். ஜாபிதாவோடு ஞாயிறன்று வந்தவள் அந்தக் குழந்தைதான்.

இவ்வளவும் நினைவுக்கு வந்த வேகத்திலே, செவ்வாய்க்கிழமை அந்த விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, வாடகைத் தம்பிக்கு மாப்பிள்ளை போடும் மோதிரம் அவனுக்கே சொந்தமாகுமா என்று சற்றுக் கடுமையாகவே வினவினேன். மறுமுனையில் பேசிய பெண் மிகுந்த மரியாதையோடு, "இல்லை ஐயா, அது ஹோட்டல் மோதிரம், வைபவம் முடிஞ்சதும் பையன் கவுண்டரில் ஒப்படைச்சிடுவார்" என்றாள். ஒரு வார்த்தையும் எழாமல் வைத்துவிட்டேன்.

மணப்பெண்ணுக்கு உடன்பிறந்தான் இல்லை. பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள் கனடாவில். நடந்ததைச் சொன்னபோது மருமகள் என் முகத்தையே பார்த்திருந்தாள். பேத்தி முறையானவளுக்கு நான் தோழன் நிற்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லையென்றும், ஐயர் ஒப்பமாட்டாரென்றும் நான் விளக்கத் தொடங்கியபோது, சாய்மனைக் கதிரையில் கண்மூடிக் கிடந்த அக்கா, உறங்குகிறாள் என்றிருந்தோம், கண்ணைத் திறவாமலே கேட்டாள்:

"தம்பி, உனக்குக் குனிய ஏலுமோ?"

"ஏலும்," என்றேன்.

"அப்ப நீயே கழுவு. மோதிரத்தை மட்டும் இராத்திரிக்கு என்னட்டத் தந்திடு."