திரையிலே காட்டியது கையிலே வேண்டும்!

கல்லூரி வகுப்பறைக்குள்ளே புதியதொரு சுவர் எழும்பியிருக்கிறது, தோழர்களே! செங்கல்லால் ஆனதன்று, சுண்ணாம்பால் ஆனதுமன்று. வெண்மையானதொரு திரை; அதன்மீது ஒரு நிமிடம் தோன்றி மறுநிமிடம் மறைகின்ற எழுத்துக்கள். 'ஸ்லைடு' என்கிறார்கள். திரையிலே காட்டிய அந்தப் பாடக் குறிப்பை மாணவர் கையிலே கொடுக்கலாமா, கூடாதா என்று இன்று வழக்காடுகிறார்கள். கொடுத்தே தீரவேண்டும் என்பது நமது வாதம்.

திருவண்ணாமலையிலே, செங்கம் சாலையிலே நடந்து பாருங்கள். ரமணாசிரமம் இருக்கும் அந்த வட்டாரத்திலேயே, 1966இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. அக்கல்லூரியைக் குறைகூற அல்ல, அத்தகைய கல்லூரிகளை நாடி வருவோர் யார் என்று காட்டவே இதைச் சொல்கிறேன். செங்கத்து உழவன் மகன் வருகிறான். சவ்வாது மலையடிவாரத்துப் பெண் வருகிறாள். வீட்டிலே முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் வருகிறார்கள். பேருந்து தவறினால் முதல் வகுப்பு போயிற்று. பௌர்ணமி இரவிலே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலே கடை விரித்தால்தான் வீட்டிலே அடுப்பெரியும் என்றால், மறுநாள் வகுப்பும் போயிற்று. போன பாடத்தை யாரிடம் கேட்பது? தனிப்பயிற்சிக்குப் பணமா இருக்கிறது?

வகுப்பிலே இருப்பவன் நிலை என்ன? ஆங்கில எழுத்திலே நிரம்பிய திரை. அவசரமாக ஓடும் விரல்கள். எழுதினால் கேட்க முடியவில்லை. கேட்டால் எழுத முடியவில்லை. நல்ல கைப்பேசி வைத்திருப்பவன் படமெடுத்துக்கொள்கிறான். இல்லாதவன் கடைசிப் பலகையிலிருந்து கண்ணை இடுக்கிப் பார்க்கிறான். ஆகவே, 'கொடுக்கமாட்டோம்' என்ற சொல் எல்லோரையும் தடுப்பதில்லை. ஏழையை மட்டுமே தடுக்கிறது!

அதே அண்ணாமலையிலே நடந்ததொன்றைச் சொல்கிறேன். ஆன்மிகத்திலே நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நடந்தது நடந்ததுதான். 1902ஆம் ஆண்டையொட்டி, விருபாக்ஷி குகையிலே பேசாதிருந்த ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்விகள் கேட்டார். விடைகள் எழுத்திலே வந்தன. பிள்ளை அவற்றைக் காத்து வைத்தார். பின்னர் 1923இல் 'நான் யார்?' என்ற நூலாக அச்சேறின. ஆசான் எழுதிக் காட்டினார், மாணவர் கொண்டுபோனார், நாடு படித்தது. 'பார்த்தாயல்லவா, போதும்' என்று அழித்திருந்தால் இன்று என்ன மிஞ்சியிருக்கும்?

'கொடுத்துவிட்டால் வகுப்புக்கே வரமாட்டார்கள்' என்கிறார்கள். வருகைப்பதிவு விதி இருக்கிறதே, எதற்கு? திரையிலே உள்ளதைத் திருப்பிப் படிப்பதற்குப் பெயர் பாடமா? விளக்கமும், எடுத்துக்காட்டும், ஐயம் களைவதும் ஆசானிடத்திலே இருந்தால், குறிப்பைப் பெற்றவனும் ஓடி வருவான். 'அதை மட்டுமே மனப்பாடம் செய்வார்கள்' என்கிறார்கள். அது வினாத்தாளின் குற்றம். சிந்திக்கச் செய்யும் வினாவைக் கேளுங்கள், மனப்பாடம் மடியும்!

'பிறர் நூலின் பக்கங்கள் அதிலே உண்டு. பதிப்புரிமை தடுக்கும்' என்போரும் உளர். டில்லிப் பல்கலைக்கழகத்து நகலெடுக்கும் கடைமீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலான பெரும் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பர் 16 அன்று டில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலே அதே ஆண்டு டிசம்பரில் சில வினாக்கள் மறுவிசாரணைக்குத் திரும்பின என்றாலும், 2017இல் பதிப்பகங்களே வழக்கை விலக்கிக்கொண்டன. கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடமளிக்கிறது. சட்டம் திறந்த கதவைச் சாத்துவதற்கு நீங்கள் யார்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை உலகுக்கே இலவசமாகத் தருவோமென 2001இல் அறிவித்தது. நம் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு அறிவியல் கழகமும் 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. அவர்களுடைய ஆசான்களின் மதிப்பு குன்றிற்றா? மாணவர் வரவு குறைந்ததா?

ஆசிரியர் தரப்பிலே ஓர் அச்சம் மட்டும் நியாயமானது. ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்திலே வாடும் கௌரவ விரிவுரையாளர், 'என் உழைப்பைக் கொடுத்துவிட்டால் நாளை என்னையே வேண்டாமென்பார்களோ' என்று கலங்குகிறார். அந்தக் கலக்கத்துக்கு மருந்து பணிப் பாதுகாப்பு, மாணவனின் வெறுங்கையன்று. குறிப்பிலே அவர் பெயர் பொறிக்கப்படட்டும். அதை விற்றுப் பிழைப்போருக்குத் தடை இருக்கட்டும். அவருக்காகவும் நாமே குரல் கொடுப்போம்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். தவறிய பாடத்தைக் கேட்டுக் கதவைத் தட்டியபோது, திறக்காத கதவின் ஓசை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஓசை இனி எந்த ஏழையின் காதிலும் விழலாகாது.

ஆகவே, தோழர்களே! அரசு கலைக் கல்லூரிகள் அனைத்திலும், பாடம் முடிந்த அன்றே குறிப்பு மாணவர் கைக்குச் சேரவேண்டும்; கைப்பேசி இல்லாதவர்க்கு நூலகத்திலே அச்சுப்படி இருக்கவேண்டும். மாணவர் மன்றங்களிலே பேசுங்கள். கல்லூரி முதல்வர்களிடம் மனுக் கொடுங்கள். மக்களின் வரிப்பணத்திலே எரிகிறது அந்தத் திரையின் விளக்கு. அதன் வெளிச்சம் மக்களின் பிள்ளைகளுக்கே உரியது!