மலைவீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு... சுவரைப் பராமரிக்கலைன்னா பணம் வருமா? விரிவான விளக்கம்

2024 டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. ஏற்காட்டில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்தது. சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதே நாட்களில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து சரிந்த மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடியதில் 7 பேர் உயிரிழந்தனர்.

அப்போது தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில், சேதமடைந்த குடிசைக்கு 10 ஆயிரம் ரூபாய் என்று இருந்தது. ஆனால் மலைச்சரிவில் ஒரு தடுப்புச் சுவரைத் திரும்பக் கட்டவே லட்சக்கணக்கில் செலவாகும். அதனால்தான் சேர்வராயன் மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக் காப்பீடு ஒரு முக்கியமான கேள்வி ஆகிறது.

ஆனால் பாலிசி எடுத்தாச்சு, இனி கவலை இல்லை என்று இருந்துவிட முடியுமா? வீட்டை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை மறுக்க முடியுமா?

பாலிசியில் எதற்கெல்லாம் பணம் கிடைக்கும்?

இந்தியாவில் வீடுகளுக்கான அடிப்படைக் காப்பீடு 'பாரத் கிருஹ ரக்ஷா'. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த இந்தத் திட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதன் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

தீ, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், காட்டுத்தீ எல்லாம் இதில் அடங்கும். மலைப்பகுதிக்கு முக்கியமானவை மூன்று. ஒன்று, நிலச்சரிவும் பாறைச் சரிவும். இரண்டு, வீடு நிற்கும் நிலம் உள்வாங்குவது. மூன்று, மரம் விழுவது போல வெளியிலிருந்து ஏதாவது மோதி ஏற்படும் சேதம். காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரம் காற்றில் முறிந்து கூரை மேல் விழுந்தால், அது இந்த மூன்றாவது வகை.

இந்தத் திட்டத்தில் நிலத்தின் விலைக்குக் காப்பீடு கிடையாது. கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பீடு. வீட்டுப் பொருட்களுக்கும் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, தானாகவே கவர் உண்டு.

அப்போ சிக்கல் எங்கே?

இது பட்டியல் போட்ட பாலிசி. பட்டியலில் உள்ள ஒரு நிகழ்வு நடந்து, அதனால் வீடு சேதமாகியிருக்க வேண்டும். பல வருஷமாகக் கசிந்த தண்ணீரால் சுவர் ஊறிப்போனது, காலப்போக்கில் ஓடு உளுத்துப்போனது போன்றவை நிகழ்வு அல்ல, தேய்மானம். குழாய் வெடித்தாலோ தொட்டி நிரம்பி வழிந்தாலோ பணம் கேட்கலாம். ஒரு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குக் கேட்க முடியாது.

நிலச்சரிவு, நிலம் உள்வாங்குதல் பிரிவிலும் சில விலக்குகள் உண்டு. புதுக் கட்டடத்தில் இயல்பாக வரும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் அமுங்குவது, தவறான வடிவமைப்பு, மட்டமான வேலை, தரமில்லாத பொருட்கள், கட்டுமான வேலை அல்லது மண் தோண்டியதால் வரும் சேதம் ஆகியவற்றுக்குப் பணம் இல்லை.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன எழுத்து. மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் பாலிசியின் உயிர்நாடி.

ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள வெள்ளக்கடையில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவான நிலம். மேல் பக்கம் மண்ணை வெட்டி, அதே மண்ணைக் கீழ்ப் பக்கம் கொட்டிச் சமப்படுத்தித்தான் மலையில் பெரும்பாலும் வீடு கட்டுவார்கள். வீட்டின் பாதி உறுதியான மண்ணில் நிற்கும். மீதிப் பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். கீழே ஒரு தடுப்புச் சுவர் அதைத் தாங்கும்.

கனமழையில் மேலே இருந்து மண் சரிந்து வீட்டின் மேல் விழுந்தால், அது நிலச்சரிவு. கீழ்ப் பக்கத் தரை மட்டும் அமுங்கிச் சுவர் பிளந்தால், கொட்டிய மண் அமுங்கியதாகக் கம்பெனி சொல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்து மனையில் ஜேசிபி வைத்து மண்ணை வெட்டிய பிறகு சரிந்திருந்தால், தோண்டியதால் வந்த சேதம் என்று வாதிடலாம். மூன்றிலும் விரிசல் ஒரே மாதிரிதான் தெரியும். காரணம் எது என்பதில்தான் பணம் நிற்கிறது.

பராமரிப்பு பற்றிக் கம்பெனி எப்போது கேட்கும்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி முன்கூட்டியே வந்துவிடும். அங்கே கம்பெனிகள் ட்ரோன், விமானப் படங்கள் மூலம் கூரையைப் பார்க்கின்றன. பாசி பிடித்திருக்கு, கிளை கூரையில் உரசுது, இத்தனை நாளுக்குள் சரி செய்யவில்லை என்றால் பாலிசி புதுப்பிக்கப்படாது என்று கடிதம் அனுப்புகின்றன. காட்டுத்தீ அபாயம் உள்ள கலிஃபோர்னியாவில் சுமார் 72 ஆயிரம் பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2024 மார்ச்சில் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் பெரும் தீ பரவியது.

இங்கே நிலைமை தலைகீழ். சாதாரண வீட்டுக்குப் பாலிசி எடுக்கும்போது பெரும்பாலும் யாரும் வந்து பார்ப்பதில்லை. படிவத்தில் சுவர் என்ன, கூரை என்ன, எத்தனை வருஷப் பழையது என்று கேட்பார்கள். பிரீமியம் கட்டினால் பாலிசி வந்துவிடும். வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த பாலிசி என்றால், பல பேர் அதன் விதிகளைப் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி வருவது இடிந்த பிறகு. கம்பெனி அனுப்பும் சர்வேயர் வருவார். இவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல, இழப்பை மதிப்பிடும் உரிமம் பெற்றவர். "இந்த விரிசல் எப்போ வந்துச்சுங்க? சுவர்ல தண்ணி வெளியேற ஓட்டை விட்டிருக்கீங்களா? வாய்க்கால் கடைசியா எப்போ தூர் வாரினீங்க?" என்று கேட்பார். வீட்டைக் கவனமாகப் பராமரிப்பது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. அதற்கான பதில் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடு, ஹோம்ஸ்டே ஆன வீடு

ஏற்காட்டில் நிறைய வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் சேலத்திலோ சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பவர்கள். விடுமுறைக்கு மட்டும் வருவார்கள். வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருக்கும் என்றால் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வாடகைக்கு விட்டாலோ, ஹோம்ஸ்டேவாக மாற்றினாலோ, அதையும் சொல்ல வேண்டும். இது குடியிருப்புக்கான பாலிசி. வணிகத்துக்கு வேறு பாலிசி தேவைப்படும். அதேபோல, வீட்டின் உள்பரப்பை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கட்டினால், கூடுதல் பிரீமியம் கட்டி அதைப் பாலிசியில் சேர்த்தால் மட்டுமே அந்தப் பகுதிக்குக் கவர் கிடைக்கும். விருந்தாளிகளுக்காக மாடியில் இரண்டு அறை போட்ட வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைச் சரி செய்யுங்கன்னு கம்பெனி கேட்டால்?

பெரிய மதிப்புள்ள வீடு, ஏற்கெனவே ஒருமுறை கிளெய்ம் வாங்கிய வீடு என்றால் இங்கேயும் ஆய்வு நடக்கலாம். சுவரைப் பலப்படுத்துங்க, மரத்தை எடுங்க என்று நிபந்தனை வரலாம். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எந்தப் பகுதி, என்ன வேலை, எவ்வளவு அவகாசம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பெனி சொன்னதற்காக உடனே மரத்தை வெட்ட முடியாது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955 ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் கட்டுமானத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் முதலில் அனுமதிக்கு விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப நகலைக் கம்பெனிக்கு அனுப்பி, கூடுதல் அவகாசம் கேட்பதே சரியான வழி. இடைப்பட்ட காலத்தில் மரம் விழுந்தால், வீட்டுக்காரர் அலட்சியமாக இருக்கவில்லை என்பதற்கு அந்த நகல்தான் சாட்சி.

பராமரிப்பைக் காட்டி மறுத்தால் என்ன செய்யலாம்?

மறுப்பதற்கான காரணத்தைக் கம்பெனி எழுத்தில் தர வேண்டும். பராமரிப்பு சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால், எந்த விதியின்படி என்று கேட்கலாம். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கலாம்.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் பாலிசிதாரருக்குக் கைகொடுக்கும்.

2009-ல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் - பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே இறுதி முடிவு அல்ல என்று நீதிமன்றம் கூறியது. வேறு ஆதாரம் காட்டி அதை மறுக்க முடியும்.

2022-ல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் - டாடா ஏஐஜி வழக்கு. தீப்பிடித்த கடை அடித்தளத்தில் இருந்தது. அடித்தளத்துக்குக் கவர் இல்லை என்று பாலிசியில் இருந்தது. ஆனால் கடை அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தேதான் கம்பெனி பிரீமியம் வாங்கியிருந்தது. அந்த விலக்கைக் காட்டிக் கம்பெனி தப்பிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. வீடு சரிவில் இருப்பதை எழுத்தில் சொல்லிப் பாலிசி எடுத்தவர்களுக்கு இது முக்கியம்.

2023-ல் நேஷனல் இன்சூரன்ஸ் - வேதிக் ரிசார்ட்ஸ் வழக்கில், விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனிக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, மண் அமுங்கியதால்தான் சுவர் பிளந்தது என்றால், அதைக் கம்பெனிதான் காட்ட வேண்டும்.

முறையிடும் வழி இப்படி: முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி. ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 ஆண்டு அவகாசம் உண்டு.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

* வருஷத்துக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில், வீட்டின் நான்கு பக்கமும், தடுப்புச் சுவர், கூரை, வாய்க்கால் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் நின்று எடுத்தால், எந்த விரிசல் பழசு, எது புதுசு என்று தெரியும்.
* தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளைச் சுத்தம் செய்யுங்கள். அவை அடைத்துக்கொண்டால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, சுவரையே தள்ளிவிடும்.
* கொத்தனார் கூலி, சிமென்ட் பில், வாய்க்கால் தூர் வாரிய செலவு எல்லாவற்றுக்கும் ரசீதோ யுபிஐ பதிவோ வைத்திருங்கள்.
* பக்கத்து மனையில் ஜேசிபி இறங்கினால், அன்றே படம் எடுத்து, ஊராட்சிக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் அல்லது கடிதத்தில் தெரிவியுங்கள்.
* வீட்டில் காவலுக்கு ஆள் இருந்தால், வாரம் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். ஆளில்லாத வீடு என்ற வாதத்துக்கு அது பதில்.
* சேதம் நடந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். மேலும் சேதமாகாமல் தார்ப்பாய் போடலாம். ஆனால் சர்வேயர் பார்க்கும் முன் இடிபாட்டை அள்ள வேண்டாம். ஆபத்து என்று அள்ளியே ஆகவேண்டும் என்றால், முதலில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

வீட்டை நன்றாக வைத்திருந்தால் மட்டும் போதாது, வைத்திருந்ததைக் காட்டவும் தெரிய வேண்டும். மலையில் ஒரு ராத்திரி மழையில் சுவர், தரை, சாட்சி எல்லாமே சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடலாம். செல்போனில் இருக்கும் அந்தச் செப்டம்பர் மாதப் படங்கள் அப்போதும் மிஞ்சியிருக்கும்.