வெயிட்ஃபார், டிரான்ஸ்மிட்

மோடம் கத்தும் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? கேட்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் ஒருவருடைய பி.சி. வெளியூர் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றால் பெரும்பாலும் போன் லைன்தான் வழி. அந்தப் பேச்சை நடத்திக் கொடுத்த மென்பொருள்களில் ரொம்பப் பிரபலமானது டேட்டாஸ்டார்ம் நிறுவனத்தின் புரோகாம் பிளஸ்.

இதற்குள் 'ஆஸ்பெக்ட்' என்று ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. 'வெயிட்ஃபார்' என்றால், எதிர்முனை இன்ன சொல்லை அனுப்பும்வரை காத்திரு. 'டிரான்ஸ்மிட்' என்றால், இதை அனுப்பு. இந்த இரண்டை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம்!

ஒரு சின்ன வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான், கணக்கு நிஜம். வெளியூர் சப்ளையரிடமிருந்து தினமும் 100 கிலோபைட் விலைப்பட்டியல் வர வேண்டும். 2400 பிட் வேக மோடம் நொடிக்குச் சுமார் 240 எழுத்துகளை அனுப்பும். ஆக, ஏழு நிமிடம். பகலில் எஸ்.டி.டி. கட்டணம் அதிகம், நள்ளிரவில் குறைவு. அதற்காகத் தூக்கம் கெட்டு யார் உட்காருவது? ஸ்கிரிப்ட் உட்காரும். நேரம் வந்ததும் டயல் செய்யும், லைன் பிஸி என்றால் மறுபடி முயலும், பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கும், கோப்பை இறக்கிக்கொண்டு போனை வைத்துவிடும். சம்பளம் கேட்காத குமாஸ்தா!

தொல்லையும் உண்டு. எதிர்முனைக்காரர் 'லாகின்' என்று கேட்டுக்கொண்டிருந்ததை ஒருநாள் 'பெயர்' என்று மாற்றினால் போதும், ஸ்கிரிப்ட் திருதிருவென்று முழிக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து எழுதாதவருக்கு போன் பில்தான் பாடம் நடத்தும். பாஸ்வேர்டு வேறு வெறும் எழுத்தாகக் கோப்பில் கிடக்கும், பக்கத்து சீட்காரர் திறந்து பார்க்கலாம். ஆனால் தப்பு நடந்தால், அந்த வியாபாரியே கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றிச் சரிசெய்துவிடலாம். யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

விண்டோஸ் 95 கூடவே ஹைப்பர்டெர்மினல் இலவசமாக வந்தது. அதில் ஸ்கிரிப்ட் எழுத வசதியே இல்லை. (ஓசியில் கிடைத்ததைக் குறை சொல்லலாமா என்று கேட்காதீர்கள், சொல்லலாம்!) டேட்டாஸ்டார்மை 1996இல் குவார்டர்டெக் வாங்கியது, 1998இல் குவார்டர்டெக்கை சைமன்டெக் வாங்கியது. அதற்குள் இணையம் வந்து, டயல் செய்யும் வேலையே குறைந்துவிட்டது.

இன்றைக்கு நம் கையில் இருக்கும் வங்கிச் செயலிகளைப் பாருங்கள். "ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி என் கணக்கு விவரத்தை இந்த ஃபோல்டரில் போட்டு, கூட்டிக் காட்டு" என்று அவற்றிடம் நம் பாணியில் எழுதிக் கொடுக்க முடிகிறதா? பாதுகாப்பு என்பார்கள். பாதி நியாயம்தான். மீதிப் பாதி, நாம் தினமும் திறந்து விளம்பரத்தையும் பார்க்க வேண்டும் என்பது. டெரா டெர்ம் என்ற இலவச மென்பொருளில் மட்டும் இன்னமும் மேக்ரோ எழுதி, 'வெயிட்', 'சென்ட்எல்என்' என்று ரவுட்டர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் நெட்வொர்க்காரர்கள். அதே வேலை அந்த வியாபாரிக்கும் அன்று தெரிந்திருந்தது.