அம்மா சமைக்காத இரண்டு நாள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது, "எங்கேனும் போய்வரலாமே" என்ற பேச்சு எல்லா இல்லங்களிலும் எழுவது இயல்பு. நெடுந்தொலைவு செல்லப் பொருளும் நாளும் இடந்தராத குடும்பங்களுக்கு இரண்டு நாள் மதுரைப் பயணம் மிகவும் ஏற்றது. அதனை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்பதை இம்மாதம் சிந்திப்போம். அதற்குமுன் என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் குடும்பத்தார் வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மதுரைக்குச் சென்றோம். புறப்படும் நாளன்று இரவு இரண்டு மணிக்கே எழுந்து தாயார் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிளறினார். நாயக்கர் மகாலில் நாங்கள் தூண்களை எண்ணிக்கொண்டு ஓடினோம். அவரோ வாயிலருகே தூக்குவாளிகளைக் காத்து அமர்ந்திருந்தார். ஊர் திரும்பியபின், "மகாலில் எது பிடித்தது, அம்மா?" என்று கேட்டேன். "நான் எங்கேயப்பா பார்த்தேன்? சோறு எல்லாருக்கும் போதுமா என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். மீண்டும் ஒருமுறை அவரை அழைத்துச் செல்ல வேண்டுமென்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். எண்ணம் எண்ணமாகவே நின்றுவிட்டது. அவர் இன்று இல்லை.

ஆகவே, நான் வகுக்கும் பயணத்திட்டத்தில் முதல் விதி, கட்டுச்சோறு வேண்டாம் என்பதே. உணவுக்கென ஒரு தொகையை முதலிலேயே தனியாக ஒதுக்கிவிடுங்கள். மற்றச் செலவுகளைக் குறைத்தாலும் அதில் கை வைக்காதீர்கள். இதனை வீண்செலவு என்று கருத வேண்டா. மதுரையில் உணவும் காணத்தக்கவற்றுள் ஒன்று. சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி, பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்த நகரை நமக்குக் காட்டுகிறது. இரவு முதிர்ந்தபின் அடையும் மோதகமும் விற்போர் இருந்த இடத்திலேயே கண்ணயர்வதைக்கூட மாங்குடி மருதனார் விடாமல் பாடியிருக்கிறார். இன்றும் மதுரையைத் தூங்கா நகரம் என்றே சொல்கிறோம்.

செல்வதற்கு டிசம்பர், ஜனவரி மாதங்கள் நல்லவை. சித்திரையில் வெயிலும் கடுமை. திருவிழாக் கூட்டமும் பெரிது. தவக்காலத்து வெள்ளிக்கிழமையை நம்மவர் தவிர்ப்பது நலம். கறிதோசையின் மணத்தோடு போராடவா அத்தனை தொலைவு செல்வது? புகைவண்டி நிலையத்திற்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் திரும்பி வந்து களைப்பாறலாம். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல வேண்டாம். நாளொன்றுக்கு இரண்டு இடங்கள் போதும்.

முதல் நாள் காலை, பலவகைச் சட்டினியோடு இட்லி உண்டு, திருமலை நாயக்கர் மகாலுக்குச் செல்லுங்கள். 1636இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழக் கால்பகுதியே. சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதி பிரிக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டதாம். எஞ்சியதும் அழியாமல் 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்துக் காத்தவர் சென்னை ஆளுநர் நேப்பியர். மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர் மரபினர் வாழ்கின்றனர். புள்ளிகளிட்ட சுங்குடிச் சேலை அவர்கள் கைவண்ணமே.

மாலையில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடந்து பாருங்கள். மதிலுக்குள் ஆடி வீதி; வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. தாமரை இதழ்போல் ஒன்றைச் சூழ்ந்து மற்றொன்றாய் நகரம் விரிகிறது. கோபுரங்களுள் உயர்ந்தது தெற்குக் கோபுரம். கருவறைப் பகுதிக்குப் பிற சமயத்தார் செல்வதில்லை. அவ்வொழுங்கை மதித்து நடப்பதே நமக்கு அழகு. கைப்பேசியையும் உள்ளே கொண்டு செல்ல இயலாது. நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

பின்னர் விளக்குத்தூண் பக்கம் வாருங்கள். கோட்டை மதிலை இடித்து நகரை விரியச் செய்த பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நிற்பது அது. அப்பகுதியில் ஜிகர்தண்டா அருந்தலாம். சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரிச் சர்பத், பனிக்கூழ் ஆகியவை சேர்ந்த பானம் அது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் பேரப்பிள்ளையின் குவளையில் ஒரு வாய் சுவைத்து நிறுத்திக்கொள்க. இரவில், முட்டையும் கொத்துக்கறியும் பரப்பிச் சுட்ட கறிதோசை. ஆளுக்கொரு பண்டமாகக் கேட்டு வாங்கிப் பகிர்ந்துண்டால் செலவு குறையும், சுவை பெருகும்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் பருத்திப்பால் கிடைக்கும் இடத்தைக் கேட்டறியுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது அது. எத்தனை உழைப்பு என்பதை உங்கள் இல்லத்தரசி ஒரு மிடறிலேயே அறிந்துகொள்வார். வேறொருவர் உழைத்ததை அவர் அமர்ந்து பருகும் அக்காட்சியை நீங்களும் சற்று நின்று பாருங்கள்.

அதன்பின் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடிக்குச் செல்லலாம். அங்குள்ள அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அப்பகுதியின் தொன்மை கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்வதாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அரசர்களின் முடிகளை அங்குத் தேடாதீர்கள். பானைகள், நூல் நூற்கும் தக்களிகள், அணிகலன்கள், விளையாட்டுக் காய்கள் என்று இல்லத்துப் பொருள்களே மிகுதி. மாலையில் தமுக்கம் அரண்மனையிலுள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். 1921 செப்டம்பர் 22 அன்று மேல மாசி வீதி இல்லமொன்றில்தான் காந்தியடிகள் அரையாடை பூண்டார். 1948இல் அவர் குருதி படிந்த ஆடை இந்த அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. இரண்டையும் பிள்ளைகளுக்கு ஒருங்கே எடுத்துச் சொல்லுங்கள். இவ்விடங்களின் விடுமுறை நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

உணவைப் பண்பாடு என்று சொல்வது மிகையா என்று சிலர் கேட்கலாம். 1853 முதல் கரிபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்கும், அடுத்த ஆண்டு முதல் குவாதலூப் தீவுக்கும் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் வழிவந்தோரின் அன்றாட வாழ்விலிருந்து தமிழ் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆயினும் மல்லியும் சீரகமும் மஞ்சளும் வெந்தயமும் சேர்ந்த மசாலைக் குழம்பு "கொலம்போ" என்ற பெயரில் அத்தீவினர் அனைவரின் உணவாகவும் இன்று விளங்குகிறது. மொழி போன பின்னும் அம்மசாலையை மகளுக்கும் மருமகளுக்கும் கைமாற்றித் தந்தவர் யார்? பெயரறியாத அன்னையரல்லவா!

அத்தகைய ஒருவர்தாம் உங்கள் வீட்டு அடுப்படியிலும் நிற்கிறார். இரண்டே நாள் அவரை விருந்தினராக்குங்கள். பைகளைப் பிள்ளைகள் சுமக்கட்டும். பந்தியில் முதல் இலை அவருக்கு விழட்டும். திரும்பும்போது ஒரு சுங்குடிச் சேலையும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொடுங்கள். வீடு வந்து சேர்ந்த இரவு, "எது பிடித்தது, அம்மா?" என்று கேளுங்கள். சொல்வதற்கு அவரிடம் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். நான் தள்ளிப்போட்டதுபோல் நீங்களும் தள்ளிப்போடாதீர்கள்.