பிரெக்ஸிட்: 'வெளியேறு' என்றது ஓட்டு... 'எப்படி?' என்பதில் சிக்கிய பிரதமர்கள்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கலாமா, வெளியேறலாமா? 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்களிடம் கேட்கப்பட்டது இந்த ஒரே கேள்விதான். 51.9 சதவிகிதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் டேவிட் கேமரூன், மறுநாள் காலையே பதவி விலகப்போவதாக அறிவித்துவிட்டார்.

பிரச்னை அந்த வாக்குச்சீட்டிலேயே இருந்தது. நார்வே போல, உறுப்பினராக இல்லாமலேயே ஒற்றைச் சந்தையில் இருக்கலாம். துருக்கி போல சுங்க ஒன்றிய உறவு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாம் என்று மொத்தமாகக் கதவைச் சாத்திவிட்டும் போகலாம். மக்கள் இதில் எதற்கு ஓட்டுப் போட்டார்கள்? சீட்டில் அது இல்லை. அவரவர் தனக்குப் பிடித்ததற்குத்தான் என்று அடித்துச் சொன்னார்கள், அவ்ளோதான்.

இந்தக் குழப்பத்தைத் தலையில் சுமந்தவர் தெரசா மே. வாக்கெடுப்பில் 'நீடிக்கலாம்' பக்கம் நின்றவர் அவர் என்பது தனி வேடிக்கை. 2017 ஜனவரியில், ஒற்றைச் சந்தையும் வேண்டாம், சுங்க ஒன்றியத்தில் முழு உறுப்பினராகவும் இருக்க மாட்டோம் என்று கோடு கிழித்தார். ஜூனில் பெரும்பான்மையைக் கூட்டிக்கொள்ள முன்கூட்டியே தேர்தல் வைத்தார், இருந்ததும் போனது. ஆட்சியைத் தாங்கிப் பிடித்தது வட அயர்லாந்தின் டி.யு.பி கட்சி. 10 எம்.பி-க்கள்தான். ஆனால், அவர்கள் ஊரில்தான் பிரெக்ஸிட்டின் பெரிய முடிச்சே இருந்தது.

அயர்லாந்து எல்லையில் என்ன சிக்கல்?

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. பக்கத்தில் இருக்கும் அயர்லாந்து, ஒன்றியத்தின் உறுப்பு நாடு. நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. முப்பது வருட மோதலில் 3,500 பேர் வரை பலிகொடுத்த மண் அது. 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு ராணுவச் சாவடிகள் போய்விட்டன. இன்று பல இடங்களில் எல்லையைத் தாண்டியதே தெரியாது. சாலைப் பலகையில் மைல், கிலோமீட்டராக மாறுவதைப் பார்த்தால்தான் உண்டு. சுங்க ஒன்றியத்தைவிட்டு வெளியேறினால், இங்கே லாரியை யாராவது நிறுத்திச் சோதித்தாக வேண்டும். மறுபடியும் சாவடியா என்ற பயம் வந்துவிட்டது.

இதற்கு மே சொன்ன தீர்வுதான் 'பேக்ஸ்டாப்'. வேறு வழி கிடைக்கும்வரை மொத்த பிரிட்டனும் ஐரோப்பாவோடு ஒரே சுங்க ஏற்பாட்டில் இருக்கும். இதற்குப் பெயர் வெளியேறுவதா என்று கொதித்தது சொந்தக் கட்சி. எங்களுக்கு மட்டும் தனி விதிகளா என்றது டி.யு.பி. 2019 ஜனவரி 15 அன்று ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. நவீன காலத்தில் எந்த பிரிட்டன் அரசும் இப்படித் தோற்றதில்லை. மார்ச்சில் மேலும் இரண்டு தோல்விகள். இதை நிறைவேற்றுங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

சரி, எம்.பி-க்களிடம் வேறு திட்டம் இருந்ததா? அதுதான் கொடுமை. மார்ச் 27-ல் 8 மாற்று வழிகளை அவர்களே வாக்கெடுப்புக்கு விட்டார்கள், எட்டும் காலி. ஏப்ரல் 1-ல் 4, நான்கும் காலி. சுங்க ஒன்றிய யோசனை தோற்றது வெறும் 3 ஓட்டில்!

மே-யைப் பிடிவாதக்காரர் என்று திட்டுவது ஈஸி. உண்மையான தவறு நேரத்தில் இருக்கிறது. எதிர்க்கட்சியான லேபரோடு சமரசம் பேச அவர் உட்கார்ந்தது 2019 ஏப்ரலில், எல்லாம் கைமீறிய பிறகு. பெரும்பான்மை போன 2017 ஜூனிலேயே பேசியிருந்தால், அந்த 3 ஓட்டு கிடைக்காமலா போயிருக்கும்?

அடுத்து வந்த போரிஸ் ஜான்சன், சோதனைக் கோட்டை நிலத்திலிருந்து கடலுக்கு நகர்த்தினார். 2019 டிசம்பர் தேர்தலில் 80 இடங்கள் பெரும்பான்மை. 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. வென்றார், ஆனால் தீர்க்கவில்லை. கடல் எல்லையை எதிர்த்து டி.யு.பி 2022 பிப்ரவரியில் வெளிநடக்க, வட அயர்லாந்தின் கூட்டு அரசு முடங்கியது. மீண்டது 2024 பிப்ரவரியில்தான்.

அதே ஆண்டு லேபர் ஆட்சியைப் பிடித்தது. ஒற்றைச் சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் திரும்ப மாட்டோம் என்று சொல்லித்தான் கியர் ஸ்டார்மரும் ஓட்டுக் கேட்டார். கிட்டத்தட்ட 2017 ஜனவரியில் தெரசா மே கிழித்த அதே கோடு.